மொட்டு உதிர்ந்தால், இலை மஞ்சளானால்: செம்பருத்திக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

செம்பருத்தி பசுமை மாறாத புதர்ச்செடி. வெயிலும் நீரும் ஒத்துவந்தால் ஆண்டு முழுவதும் பூக்கும். அதனாலேயே ஏதாவது ஒன்று கெட்டால் உடனே கண்ணில் படும், கையும் பரபரக்கும். உரம் போட்டு, மருந்து அடித்து, தொட்டியையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து முடித்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் என்னிடம் செடியைக் காட்டுகிறார்கள். அப்போது எது நோய், எது வைத்தியத்தின் விளைவு என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடுகிறது.

ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அது பலித்ததா என்பதைப் பழைய இலையில் தேடாதீர்கள். சுருண்ட இலை நிமிராது, மஞ்சளாகி முதிர்ந்த இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது. அடுத்து வரும் துளிர் நலமாக வந்தால் நீங்கள் செய்தது சரி. அதற்கு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிதில், செலவில்லாமல் சரியாகக்கூடிய காரணம் முதலில் வருகிறது. செலவும் உழைப்பும் கூடியவை பின்னால் வருகின்றன. அந்த வரிசையிலேயே போங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

எந்த அறிகுறியானாலும் இந்தச் சோதனைகளை முடித்துவிட்டுத் தலைப்புகளுக்குப் போங்கள். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். மேல்மண்ணின் நிறத்தை நம்ப வேண்டாம். நுனித் துளிரை மெல்ல விரித்துப் பாருங்கள். நான்கைந்து இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தண்டில் எறும்புச் சாரை இருந்தால் அது எங்கே போய் முடிகிறது என்று பின்தொடருங்கள். தொட்டியானால் அடித்துளைக்குள் ஒரு குச்சியை விட்டு, அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, கடந்த பதினைந்து நாளில் என்ன மாறியது என்று யோசியுங்கள். தொட்டியின் இடம் மாறியிருக்கலாம், உரம் மாறியிருக்கலாம், தண்ணீர் ஊற்றும் ஆள் மாறியிருக்கலாம். பக்கத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது மண்ணில் சிந்தியதுகூடக் காரணமாக இருக்கலாம்.

மொட்டு விரியாமல் உதிர்கிறது

உதிர்ந்தது மொட்டா, பூத்து முடிந்த பூவா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். செம்பருத்திப் பூவின் ஆயுள் பெரும்பாலும் ஒரு நாள்தான். மாலையில் சுருண்டு, ஓரிரு நாளில் காம்போடு விழும். விழுந்ததன் இதழ்கள் ஈரமாகக் குழைந்து சுருண்டிருந்தால் அது வேலை முடித்த பூ, கவலை வேண்டாம். இதழ் இறுக்கமாக, காயாமல் இருந்தால் அது மொட்டு.

பச்சை நிறத்திலேயே, சிறுமொட்டாக உதிர்ந்தால்

பூச்சியைத் தேடும் முன் நீரைப் பாருங்கள். தாகம் எடுத்தால் இந்தச் செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். பூக்காம்பில் மெல்லிய கணு ஒன்று தெரியும். இலை வாடுவதற்கு முன்பே அந்த இடம் மஞ்சளாகி மொட்டு கழன்றுவிடும். கோடையில் தொட்டிச் செடிக்குக் காலை, மாலை இருவேளையும் நீர் தேவைப்படலாம்; தரையில் வேரோடிய செடிக்கு அப்படி அல்ல.

தொட்டியில் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. தென்னை நார்க்கழிவு மிகுந்த கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் மறுபடி நீரை எளிதில் ஏற்காது. ஊற்றிய நீர், மண்கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்கி, நொடியில் அடித்துளை வழியே வந்துவிடும். நன்றாக நனைந்துவிட்டது என்றே தோன்றும். உள்ளே வேர்ப்பகுதி தூசியாகக் கிடக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நீர் ஊற்றிய பிறகும் எடை ஏறவில்லை என்றால் இதுதான் கோளாறு. தொட்டியை ஒரு வாளி நீரில் கழுத்துவரை அமிழ்த்தி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்திருங்கள். அரைமணி நேரம் ஆகலாம். பிறகு எடுத்து நன்றாக வடிய விடுங்கள்.

நீரில் குறை இல்லை என்றால் இடமாற்றத்தைப் பாருங்கள். மொட்டு பிடித்திருக்கும் நேரத்தில் தொட்டியை நிழலுக்கோ, சுட்டெரிக்கும் சுவரோரத்துக்கோ நகர்த்தினால் மொட்டுகளைக் கொட்டிவிடும். நாற்றங்காலிலிருந்து புதிதாக வந்த செடியும் முதல் சில வாரங்களுக்கு இப்படித்தான் செய்யும். அதை அதன் போக்கில் விடுங்கள். உரம் கொடுத்துத் தேற்ற முயலாதீர்கள்.

நிறம் காட்டிய பிறகு, பெரிய மொட்டாக உதிர்ந்தால்

இது பெரும்பாலும் பூச்சியின் வேலை. உதிர்ந்த மொட்டையும், செடியிலேயே மஞ்சளாகத் தொடங்கிய மொட்டையும் எடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஒரு மொட்டோடு நிறுத்தாமல் நாலைந்தாவது பிளக்க வேண்டும்.

உள்ளே ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிந்தால், சில உடலை வளைத்துத் துள்ளவும் செய்தால், அது மொட்டு ஈயின் புழு. ஈ மொட்டுக்குள் முட்டையிடுகிறது. புழு உள்ளே தின்று வளர்ந்து, மொட்டோடு தரைக்கு வந்து, மண்ணில் கூட்டுப்புழு ஆகிறது. புழு மொட்டுக்குள் மறைந்திருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. உதிர்ந்த மொட்டு ஒன்றுகூட விடாமல் தினமும் பொறுக்குங்கள். செடியில் மஞ்சளான மொட்டுகளையும் கிள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒரு நாள் முழுக்க வெயிலில் போட்டுவிட்டு அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட்டால் அடுத்த தலைமுறையை நீங்களே வளர்த்துக் கொடுத்தது ஆகும். மூன்று நான்கு வாரம் விடாமல் பொறுக்கினால் சுழற்சி அறுந்துவிடும். அப்படியும் குறையாவிட்டால் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். அடுக்குப்பூ ரகங்களில் இந்தத் தொல்லை அதிகம். ஒற்றை அடுக்குச் செடி பக்கத்திலேயே தப்பித்து நிற்பதைப் பார்க்கலாம்.

புழு இல்லை, ஆனால் இதழ் மடிப்புகளுக்குள் கோடு கிழித்ததுபோல் மெலிந்த சின்னஞ்சிறு பூச்சிகள் ஓடுகின்றன, தப்பி விரியும் பூவின் ஓரமும் பழுப்பேறிக் கோணலாக இருக்கிறது என்றால் இலைப்பேன். காலையில் நுனிகளிலும் மொட்டுகளிலும் நீரைப் பீய்ச்சி அடியுங்கள். வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். அளவு ‘கணுவிலும் நுனியிலும் வெள்ளைப் பஞ்சு’ என்ற தலைப்பில் இருக்கிறது.

உள்ளே ஒன்றுமே இல்லை என்றால் திரும்பவும் நீருக்கும் வெயிலுக்கும் வாருங்கள். பெரிய பூ பூக்கும் கலப்பின ரகங்கள் கடும் வெப்பத்தில் பூச்சி இல்லாமலேயே மொட்டை உதிர்க்கும். பிற்பகல் வெயிலுக்கு மட்டும் லேசான நிழல் கொடுத்துப் பாருங்கள்.

செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

நேரடி வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்கெடுங்கள். ஐந்தாறு மணி நேரத்துக்குக் குறைந்தால் இலை வரும், பூ வராது. வெளிச்சமான இடம் என்பது வேறு, வெயில் விழும் இடம் என்பது வேறு.

வெயில் போதும் என்றால் கத்தரிக்கோலைச் சந்தேகியுங்கள். செம்பருத்தி புதுக்கிளையின் நுனிப்பகுதியில்தான் மொட்டு வைக்கும். வேலியாக வளர்த்து, மாதம் தவறாமல் மேலே ஒரே சீராக வெட்டிக்கொண்டிருந்தால், வரவிருந்த பூ அத்தனையும் வெட்டிய குப்பையோடு போய்விடுகிறது. ஒருமுறை கவாத்து செய்தால் அடுத்த பூவுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். வேலி வடிவமும் வேண்டும், பூவும் வேண்டும் என்றால், ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை மட்டும் வெட்டுங்கள்.

அடுத்தது உரம். கடலைப் புண்ணாக்கு, யூரியா போன்று தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தவற்றைத் தாராளமாகக் கொடுத்தால் கரும்பச்சை இலைகள் கைப்பிடி அகலத்துக்கு வரும், மொட்டு வராது. இரண்டு மாதம் நிறுத்துங்கள். பூக்கவில்லையே என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிப் போடுவது இந்தச் செடிக்கு இன்னும் கேடு. டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் தழைச்சத்து 18 சதவீதம், மணிச்சத்து 46 சதவீதம். மணிச்சத்து மண்ணில் மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும். பிறகு இலை மஞ்சளாகிறது என்ற புதுப் புகாரோடு நிற்க வேண்டியிருக்கும். செம்பருத்தி கேட்பது சாம்பல் சத்தை (பொட்டாசியம்). 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் அரைத் தேக்கரண்டி சல்பேட் ஆஃப் பொட்டாஷ், ஈரமண்ணில் தூவி நீர் ஊற்றினால் போதும். இயற்கை உரம் மட்டும்தான் என்பவர்கள் மக்கிய தொழுவுரத்தோடு ஒரு பிடி மரச்சாம்பல் சேர்க்கலாம். ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. உங்கள் நீர் ஏற்கெனவே உப்பு நீர் என்றால் சாம்பல் வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் தொட்டிக்கு வந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டதா? செடியை வெளியே உருவிப் பாருங்கள். வேர்கள் நூல்கண்டு போலச் சுற்றிக்கொண்டு, மண்ணே கண்ணில் படாமல் இருந்தால் இடமில்லை என்று பொருள். வெளிவேரைக் கால் பங்கு வெட்டி, கிளைகளையும் அதே அளவு குறைத்து, இரண்டு அங்குலம் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கி அழுகல் வரும்.

இந்த அறிகுறிக்கு வல்லுநர் தேவையில்லை.

இலை மஞ்சளாகிறது

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த இலை என்பதுதான். காரணம் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

அடிக்கிளையில் ஒன்றிரண்டு முதிர்ந்த இலை மட்டும்: ஒன்றும் செய்யாதீர்கள். பசுமை மாறாச் செடியும் பழைய இலையைக் கழிக்கும்.

அடி இலைகள் பல ஒரே நேரத்தில், முழு இலையும் சீராக மஞ்சள்: விரல் சோதனை. மண் சேறாக இருந்தால் நீரைக் குறையுங்கள், அடித்துளையைத் திறந்துவிடுங்கள், தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுங்கள். மண் காய்ந்திருந்தால் மேலே சொன்ன வாளிச் சிகிச்சை. ஈரம் அளவாக இருந்து செடியும் வளராமல் நின்றிருந்தால் தழைச்சத்துக் குறைவு. மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ இரண்டு பிடி போடுங்கள்.

முதிர்ந்த இலையில் நரம்புகள் பச்சை, இடையே மஞ்சள்: மக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

புதுத் துளிரில் நரம்புகள் பச்சை, இடையே வெளிர்மஞ்சள், முற்றினால் ஏறத்தாழ வெள்ளை: இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இருக்கும், மண் காரமாக இருப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை. செம்பருத்திக்கு மண்ணின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா? காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதில் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, கலந்த உடனே தெளிக்க வேண்டும். கரைசல் துருநிறத்துக்கு மாறிவிட்டால் பயனில்லை, கொட்டிவிடுங்கள். முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகவில்லை என்றால் முழுச்செடிக்கும் போகலாம். இது இலைக்கு மட்டும் வைத்தியம். மண்ணுக்கு வேண்டுமானால் இரும்புக் கீலேட், அதாவது வேர் எடுக்கும் வடிவில் பிணைத்துவைத்த இரும்பு, வாங்குவீர்கள். பொட்டலத்தில் எந்த வகை என்று படியுங்கள். இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது. இ.டி.டி.எச்.ஏ. வகை விலை கூடியது, ஆனால் கார மண்ணிலும் வேலை செய்யும். மழைநீர் சேமித்து ஊற்ற முடிந்தால் அதைவிட மலிவான மருந்து வேறில்லை.

இலை முழுக்க ஊசி குத்தியது போன்ற மஞ்சள் புள்ளிகள், வறண்ட காலம்: சிலந்திப்பேன். இலையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த துகள்கள் நகர்ந்தால், விரலால் தேய்த்ததும் செம்பழுப்பாகக் கோடு விழுந்தால் உறுதி. மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவுங்கள்; பாதிக்கு மேல் இதிலேயே தீரும். தீராவிட்டால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம். கடும் வெயில் நாளில் கூடவே கூடாது, இலை வெந்துவிடும். பூச்சிக்கொல்லி எதையாவது அடித்தால் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல உயிர்கள் செத்து, தொல்லை இரட்டிப்பாகும்.

மஞ்சள் வளையங்கள், ஒழுங்கற்ற திட்டுகள், உரத்துக்கும் மருந்துக்கும் அசையவில்லை: நச்சுயிரியாக (வைரஸ்) இருக்கலாம். மருந்து கிடையாது. செடி பல ஆண்டு பூத்துக்கொண்டே இருக்கவும் கூடும். ஆனால் அதிலிருந்து குச்சி வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள்; அதை வெட்டிய கத்தரிக்கோலைத் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

வல்லுநரை நாட வேண்டிய கட்டம்: இரும்பு கொடுத்தும் இரண்டு துளிர்த் தலைமுறை வெளிறியே வந்தால், மண்ணையும் நீரையும் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஊகித்து ஊகித்து உரம் வாங்கும் செலவைவிட அது குறைவு.

கணுவிலும் நுனியிலும் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. செம்பருத்தி வளர்க்கும் எவரும் இதிலிருந்து தப்பியதில்லை. ஆகவே இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம்.

எதையும் அடிப்பதற்கு முன் பஞ்சுக்குள் இருப்பது யார் என்று பாருங்கள். மாவுப்பூச்சி தட்டையாக, நீள்வட்டமாக இருக்கும். குச்சியால் தொட்டால் மிக மெதுவாக நகரும் அல்லது நகரவே நகராது. அதன் நடுவே, அதைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு, தொட்டதும் விறுவிறுவென்று ஓடும் ஒன்றைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இந்த வண்டை 1891ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் எலுமிச்சைத் தோட்டங்களில் விட்டார்கள். வளர்ந்த வண்டு கருப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு. இந்தப் புழுவையே பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து முதலில் நசுக்குகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நாலைந்து புழுக்கள் தென்பட்டால் மருந்து வேண்டாம்; எறும்பை மட்டும் தடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருங்கள்.

எறும்பு. இதைத் தடுப்பதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மாவுப்பூச்சி வெளிவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டை விரட்டுகிறது. எறும்பு ஏறும் வழி தண்டு மட்டும் அல்ல. சுவரில் உரசும் கிளை, பக்கத்துச் செடி, கொடிக்கயிறு எல்லாம் பாலங்கள்தான். அவற்றை வெட்டி விலக்குங்கள். தண்டில் காகித நாடாவைச் சுற்றி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். நேரடியாகப் பட்டையில் தடவ வேண்டாம். தொட்டியானால் நீர் நிறைந்த தட்டின் நடுவே ஒரு செங்கல்லை வைத்து அதன்மேல் தொட்டியை வையுங்கள்.

பிறகு வெட்டு. பஞ்சு அடர்ந்த நுனிகளை வெட்டிப் பையில் கட்டுங்கள். வெட்டியதைச் செடிக்கடியில் போட்டால் பூச்சி நடந்தே திரும்பிவிடும்.

மிஞ்சியதை நீரால் பீய்ச்சுங்கள். கணு இடுக்கில் உள்ளதை, சர்ஜிகல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தொட்டு எடுங்கள். அதன் பிறகுதான் தெளிப்பு: ஒரு லிட்டர் நீரில் முதலில் ஒன்றிரண்டு மில்லி திரவ சோப்பு, பின் வேப்பெண்ணெய் 5 மில்லி. பால்போல் வெளுக்கும்வரை கலக்குங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கவில்லை என்று பொருள், அது இலையைச் சுடும். வெயில் தாழ்ந்த பின் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். ஒரு முறையோடு நிறுத்துவதுதான் இந்த வைத்தியம் தோற்பதற்குப் பெரிய காரணம். பஞ்சுப்பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும்; மெழுகு அவற்றைக் காக்கும். பொரித்து வெளிவரும் குஞ்சுக்கு இன்னும் மெழுகு ஏறியிருக்காது. அதைப் பிடிக்கத்தான் அடுத்தடுத்த தெளிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், மண்ணை இரண்டு அங்குலம் விலக்கி வேர்க்கழுத்தைப் பாருங்கள். பூச்சி அங்கேயும் ஒளிந்திருக்கும். தொட்டி விளிம்பின் கீழ்மடிப்பையும் விடாதீர்கள்.

செடி உறிஞ்சிக்கொள்ளும் ஊடுருவும் மருந்துகளைக் கடைசியிலும் நான் பரிந்துரைப்பதில்லை. தலைக்குத் தேய்க்க இலையும், எண்ணெய் காய்ச்சவும் தேநீருக்கும் பூவும் பறிக்கிற செடி இது. தேனீயும் தேன்சிட்டும் வந்து போகிற செடியும்கூட. இமிடாகுளோபிரிட் போன்றவை தேனிலும் மகரந்தத்திலும் சேரும். மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தால் செம்பருத்தி இலையைக் கொட்டிவிடும். வேப்பெண்ணெய் தெளித்த செடியிலும் ஒரு வாரம் எதையும் பறிக்காமல் இருங்கள். பறித்ததை நன்றாகக் கழுவுங்கள்.

வல்லுநரை நாட வேண்டிய கட்டம்: ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த வேலி முழுக்கப் பரவியிருந்தாலோ, அக்கம்பக்கத்துச் செடிகளிலும் ஒரே நேரத்தில் தோன்றினாலோ அது தனிவீட்டுப் பிரச்சினை அல்ல. 1994ஆம் ஆண்டில் கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவில் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நுழைந்து செம்பருத்தி வேலிகளை அழித்தது. இந்தப் பொறிவண்டையும் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியையும் கொண்டுவந்து விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. தோட்டக்கலைத் துறையிலோ வேளாண் ஆய்வு நிலையத்திலோ இத்தகைய நன்மை செய்யும் பூச்சிகள் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டு நுனிகளை மூடிய புட்டியில் போட்டு எடுத்துப் போனால் இனம் கண்டு சொல்வார்கள்.

நுனி சுருண்டு, இலைகள் கொத்தாக நெருங்கிவிட்டன

விரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு இருக்கிறதா? அப்படியானால் மேலே உள்ளதே வைத்தியம். மாவுப்பூச்சியின் எச்சிலே இப்படிக் குறுக வைக்கிறது. பச்சையாகவோ கருப்பாகவோ கூட்டமாக அப்பியிருந்தால் அசுவினி; நீரைப் பீய்ச்சினாலே தொண்ணூறு பங்கு போய்விடும். எந்தப் பூச்சியும் இல்லாமல் இலை குறுகி நீண்டு கோணினால், அருகில் யாரேனும் களைக்கொல்லி தெளித்தார்களா என்று விசாரியுங்கள். காற்றில் வந்த சாரல் போதும். நீர் ஊற்றிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

இலையில் பிசுபிசுப்பு, கரும்படலம்

இது தனி நோய் அல்ல. மேலே உள்ள கிளையில் மாவுப்பூச்சியோ அசுவினியோ வெள்ளை ஈயோ இருக்கிறது. அதன் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் வளர்கிறது. பூசணத்துக்கு மருந்து தேடாதீர்கள். பூச்சியைத் தீர்த்துவிட்டு, இலைகளை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

செடி வாடி நிற்கிறது

பகல் உச்சியில் தொங்கி, மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் களைப்பு. காலையிலேயே தொங்கினால்தான் கவனிக்க வேண்டும்.

மண் காய்ந்திருந்தால் விடை தெரிந்ததே. மண் ஈரமாக இருந்தும் வாடினால் நீர் ஊற்றும் கையை அன்றே நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன: வாடுகிறது என்று ஊற்ற, வேர் மேலும் அழுக, மேலும் வாட, மேலும் ஊற்ற என்று போகும். செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறி, இறுக்கமாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு வந்து நடுநரம்பு மட்டும் நிற்கும், நாற்றமும் இருக்கும். அழுகியதை முழுக்க வெட்டுங்கள். கிளைகளைப் பாதியாகக் குறையுங்கள். மணல் கூடிய புதுக் கலவையில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணத்தை அடக்கும் நல்ல பூசணம்) கலந்த மக்கிய உரம் தொடக்கத்திலேயே சேர்க்கலாம். அழுகல் தொடர்ந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூசணக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரில் ஊற்றுங்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக வேண்டாம், தாமிரம் டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். துளிர் வரும்வரை உரம் கூடாது.

வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. தொட்டியானால் மண்ணை முழுக்க அகற்றி, வேப்பம் புண்ணாக்கு கலந்த புது மண்ணுக்கு மாற்றுங்கள். அந்தப் பழைய மண்ணை வேறெந்தச் செடிக்கும் போடாதீர்கள்.

வல்லுநரை நாட வேண்டிய கட்டம்: தரையில் உள்ள வேலியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செடிகள் வாடினால், அடித்தண்டின் பட்டை கருத்து உள்வாங்கியிருந்தால், அல்லது துளையிலிருந்து மரத்தூள் கொட்டினால் காத்திருக்காதீர்கள்.

கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்துவருகிறது

நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். பச்சை தெரியும் இடத்துக்கும் கீழே இரண்டு அங்குலம் இறங்கி, ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் இறங்குங்கள். வெட்டுமுகம் முழுவதும் வெளிறித் தெரியும்வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அடித்தண்டுவரை இறங்கியும் பழுப்பு போகவில்லை என்றால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. நல்ல கிளை ஒன்றாவது மிச்சம் இருக்கும்போதே குச்சி எடுத்துவிடுங்கள்.

நட்ட குச்சி வேர் பிடிக்காமல் கருகுகிறது

அடி கருத்து மென்மையானால் ஈரம் அதிகம், அல்லது கலவை பழையது. ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் சமமாக எடுத்துக்கொள்ளுங்கள், உரம் வேண்டாம். மேலிருந்து காய்ந்தால் இலை அதிகம், நிழல் குறைவு. பென்சில் பருமனில், பச்சையும் பழுப்பும் கலந்த பருவத்துக் கிளையை, ஏறத்தாழ ஆறு அங்குல நீளத்தில் மூன்று கணுவாவது இருக்கும்படி எடுங்கள். நுனியில் இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டியே இருக்கட்டும்.

துளிர் வந்துவிட்டது, பிறகு குச்சி செத்துவிட்டது என்பார்கள். குச்சியில் சேர்ந்திருந்த உணவிலேயே முதல் இலை வந்துவிடும். அது வேருக்குச் சாட்சி அல்ல. வேர் பிடிக்க நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். மெல்ல இழுத்துப் பாருங்கள். மண் எதிர்த்துப் பிடித்தால் வேர் இருக்கிறது. அதன் பிறகும் நேரே வெயிலுக்குக் கொண்டுபோகாமல், ஒரு வாரம் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்குங்கள்.